கடைசி வரிசைவரை கேட்ட குரல்

ஒலியைவிட வேகமாகப் பறக்கிற பயணி விமானத்தில் கிளாஷாவை ஏற்றிவிட்டது நான்தான். நாட்டின் முன்னேற்றத்துக்காகச் செய்தேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் ஒரு பதக்கமாவது குத்தியிருப்பார்கள். உண்மை அதுவல்ல. எங்கள் சமையலறையிலிருந்து அவளை வெளியேற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சோவியத் ரஷ்யாவின் வரோனெஷ் நகரில் அப்போது நாங்கள் ஒரு கூட்டுக் குடியிருப்பில் இருந்தோம். ஐந்து குடும்பங்களுக்கு ஒரு நடை, ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை. கழிப்பறையில் குடும்பத்துக்கு ஒரு பல்பு தொங்கும். எந்த பல்பு எரிகிறது என்று பார்த்தால் உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துவிடும். கிளாஷா விஷயத்தில் பல்பைப் பார்க்க வேண்டியதே இல்லை. உள்ளே உட்கார்ந்தபடியே, "அடுப்புல முட்டைக்கோஸ் சூப் இருக்கு, யாராவது கிளறுங்க!" என்பாள். நாங்கள் போய்க் கிளறுவோம். எதிர்க் கட்டடத்திலும் சிலர் எழுந்து போய் அவரவர் சூப்பைக் கிளறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

முழுப்பெயர் கிளாஃபிரா தீகனவ்னா. கத்துகிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கத்துவதற்குக் கோபம் வேண்டும், அவளுக்குக் கோபமே வராது. தொண்டை அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மே தினக் கூட்டுப்பாடலுக்கு நாற்பது பிள்ளைகளை நிறுத்தி, அவளை மட்டும் வாயை அசைத்தால் போதும் என்று சொன்னார்களாம். பிறகு யாரோ ஒரு புத்திசாலி அவளை நூலகத்தில் வேலைக்கு வைத்தான். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே அவளுடைய மேஜை. படிக்க வந்தவர்கள் ஒரே வாரத்தில் பூங்காவுக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணம் ஆயிற்று. புருஷன் புரோஹர் நல்ல மனிதன்தான், ஆனால் தலைவலிக்காரன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் காதருகே கிசுகிசுத்துப் பேசியே பழகிய ஒரு நர்சோடு போய்விட்டான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைத் தாண்டும்போது கிளாஷா சமையலறையில் பாடிக்கொண்டிருந்தாள். கதவு சாத்திய சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

கடைசியில் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக ஒட்டிக்கொண்டாள். அங்கேயும் மைக் அவளுக்கு உபரிதான். ஒரு குளிர்காலத்தில் மைக் பழுதாகி வசந்தம்வரை யாரும் சரி செய்யவில்லை. அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ரயில் பெயர்களைச் சொன்னாள். மைக் பழுது என்பதே நிலைய அதிகாரிக்குப் பனி உருகும்போதுதான் தெரிந்தது.

வெளியில் அது திறமை, வீட்டில் அதுவே குற்றம். அவள் வாயைத் திறந்தால் யாராவது வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு வாயை மூடு என்று அர்த்தம். குழாய் கட்டடத்தின் ஐந்து மாடிக்கும் ஓடுகிறது. ஒருவர் தட்டினால் எல்லோரும் தட்டுவார்கள். என் மனைவி நோன்னா அதற்காகவே ஒரு கரண்டியைக் குழாய் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இது போதாதென்று கிளாஷாவை வேறெங்காவது மாற்றச் சொல்லிக் குடியிருப்புக் குழுவிடம் நச்சரித்துக்கொண்டும் இருந்தோம்.

ஒருநாள் மாலை உப்புக் கேட்க அவள் அறைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திறந்தால், கிளாஷா துணி அலமாரிக்குள் தலையையும் தோளையும் நுழைத்துக்கொண்டு, கோட்டுகளுக்கு நடுவில் பாடிக்கொண்டிருக்கிறாள். வெளியே முதுகு மட்டும் தெரிந்தது.

"என்ன பண்ற கிளாஷா?"

தலையை வெளியே எடுத்தாள். முகமெல்லாம் கம்பளி இழை. "வீட்டுக்குத் தொந்தரவில்லாம இருக்கட்டுமேன்னுதான் சவேலி. கோட்டு சத்தத்த குடிச்சிருது."

"குடிக்கல. எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

"அப்படியா?" என்று வருத்தப்பட்டாள். "எனக்குன்னு ஒரு வீடு கெடச்சா, மொதல் நாள் கதவ சாத்திக்கிட்டு வாய்விட்டுப் பாடணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவள் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் உப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் விமானத் தொழிற்சாலையில் இருக்கை தைக்கிறவன். நாங்கள் தைத்த இருக்கைகள் அந்தப் பெரிய வெள்ளைப் பறவைக்குள் போயின. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம். மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அது தரையிறங்கும்போது கல்லும் அழும், அவ்வளவு அழகு. வெளியிலிருந்து பார்க்கிறவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே ஏறினால்தான் வினை. அந்த வேகத்தில் விமானத்தின் தோல் சூடேறும். பயணிகள் வேகாமல் இருக்கக் குளிர்காற்றை அழுத்தி உள்ளே விட வேண்டும். அந்தக் காற்று குழாய்களில் போடும் ஊளையும் எஞ்சின்களின் உறுமலும் சேர்ந்தால், பக்கத்து இருக்கைக்காரரிடம் மணி கேட்கக்கூடக் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும். ஒலியை முந்துகிறோம் என்றார்கள். முந்தினோமோ என்னவோ, எல்லா ஒலியையும் உள்ளே ஏற்றிக்கொண்டுதான் போனோம்.

இரைச்சலுக்குப் பொறுப்பான பொறியாளர் அர்செனி பாவ்லவிச். ஒல்லியான மனிதர். மாலையில் பிடில் வாசிக்கிறவர் என்பதால் காதை ரொம்பப் பத்திரமாக வைத்திருந்தார். குளிரில் எல்லோரும் தொப்பியைத் தலைக்கு மாட்டினால் அவர் காதுக்கு மாட்டுவார். மேலதிகாரிகளின் அறைக்கும் பணிமனைக்கும் நடந்து நடந்து, காற்றுக் குழாய்களை மாற்ற வேண்டும், சுவர்களுக்கு இன்னொரு அடுக்கு வேண்டும், ஒரு வருடம் கொடுங்கள் என்று மன்றாடினார். ஒரு வருடத்துக்கு எங்கே போவது? புரட்சித் திருநாளுக்கு விமானம் தயார் என்று மேலே ஏற்கெனவே சொல்லியாயிற்று. எங்கள் ஊரில் முதலில் வாழ்த்துச் செய்தி தயாராகும், பிறகுதான் வாழ்த்தப்படும் பொருள்.

பயணி அறைப் பிரிவின் தலைவர் ஜினோவி மக்சீமவிச் கூட்டம் போட்டார். இருக்கைக்காரன் என்ற முறையில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"அர்செனி பாவ்லவிச், விதிய நல்லா படிங்க," என்றார். "பணிப்பெண்ணோட அறிவிப்பு கடைசி வரிசையில கேக்கணும். அவ்வளவுதான் இருக்கு. சத்தத்த கொறைக்கணும்னு எங்க இருக்கு?"

"அறிவிப்பு கேக்கணும்னா சத்தம் கொறையணுமே, ஜினோவி மக்சீமவிச்!"

"அது உங்க கருத்து. அறிவிப்போட சத்தம் கூடினாலும் கேக்கும்ல?"

"ஒலிபெருக்கி வெச்சுப் பாத்தாச்சு. அதுவும் சேந்து ஊளையிடுது."

"கருவிய விடுங்க. மனுஷங்க இல்லையா நம்ம நாட்டுல?"

அப்போதுதான் என் வாய் திறந்தது. "எங்க வீட்டுல ஒரு பொம்பள இருக்கா, தோழர்," என்றேன்.

மறுநாளே கிளாஷாவை வரவழைத்து விமானக் கொட்டகையில் நிறுத்தினார்கள். சுற்றிலும் தகடுகளில் ஆணி அடிக்கும் சத்தம் மண்டையைப் பிளக்கிறது. ஏதாவது சொல்லும்மா என்று ஜினோவி சைகை காட்டினார். எதைச் சொல்வது என்று அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பாடு தயார்!" என்றாள். கொட்டகையின் கோடிவரை ஆட்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேன்டீனைப் பார்த்து நடந்தார்கள். மணி அப்போது பத்துகூட ஆகவில்லை. திருப்பிக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை, அன்றைய உற்பத்தி அதோடு முடிந்தது.

ஜினோவிக்குக் கண் கலங்கிவிட்டது. "தோழர் கிளாஃபிரா தீகனவ்னா, விமானத்த சோதிச்சு ஏத்துக்குற ஏற்புக் குழு பறக்குற அன்னிக்கு உங்க குரல் கடைசி வரிசையில கேட்டுச்சுன்னா, தொழிற்சாலை கட்டுற ஒம்பது மாடிக் கட்டடத்துல உங்களுக்குத் தனி வீடு. தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை."

"ஒரே பல்பா?" என்றாள் கிளாஷா.

"ஒரே பல்பு. உங்க பல்பு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இனி எங்கள் குழாய்க்கு ஓய்வு என்று எனக்குச் சந்தோஷம். அவளுக்கு அவளுடைய சந்தோஷம்.

பணிப்பெண் சீருடை எதுவும் அவள் உடம்புக்கு ஏறவில்லை. தைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னிடம் அனுப்பினார்கள். இரண்டு சீருடையைப் பிரித்து ஒன்றாகத் தைத்துக்கொண்டிருந்தபோது அர்செனி பாவ்லவிச் பணிமனைக்கு வந்தார். வாயில் குண்டூசி இருந்ததால் நான் எழுந்து வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கிளாஃபிரா தீகனவ்னா, உங்ககிட்ட ஒரு உதவி."

"சொல்லுங்க!" என்றாள். அவர் இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க," என்று தன் அளவுக்குத் தணித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க சாதாரணப் பொண்ணு பேசுற மாதிரிப் பேசணும். பேசினா கேக்காது. கேக்கலேன்னா ஏற்புக் குழு திருப்பி அனுப்பும், எனக்கு அந்த ஒரு வருஷம் கெடைக்கும். நீங்க உங்க குரல்ல பேசினா இந்தச் சத்தத்த இனி யாரும் தொடமாட்டாங்க. இதுல தெனமும் பறக்கப் போறவங்க காத நெனச்சுப் பாருங்க."

 

"அர்செனி பாவ்லவிச், நீங்க எங்க இருக்கீங்க?"

"மாமியார் வீட்ல. ஒரு அறை எங்களுக்கு."

"அங்க பிடில் வாசிப்பீங்களா?"

"வாசிப்பேன்."

"யாராவது குழாயத் தட்டுவாங்களா?"

"இல்ல. கேக்க வந்து உக்காருவாங்க."

"நான் அலமாரிக்குள்ள தலைய விட்டுப் பாடறேன்," என்றாள். "நீங்க படிச்சவரு, சொல்றது நியாயமாத்தான் இருக்கும். ஆனா பொறந்ததுலேருந்து எல்லாரும் என்கிட்ட மெதுவா பேசுன்னுதான் சொல்றாங்க. உரக்கப் பேசுன்னு சொன்னது இந்த விமானம் ஒண்ணுதான். அன்னிக்குப் பாத்து நீங்களும் வந்து மெதுவா பேசுங்கறீங்க."

அவர் தொப்பியைக் காதுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

பறக்கும் நாள் வந்தது. மாஸ்கோவிலிருந்து ஏற்புக் குழு வந்தது. விமானத்தை ஏற்கும் சான்றிதழ் முன்பே அச்சாகி, தேதி மட்டும் போட வேண்டியிருந்தது. விமானத்தில் ஏறும் நேரத்தில் குழுத் தலைவர் திடீரென்று நின்றார். பயணத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழாமல் எங்கள் ஆட்கள் வாசலைத் தாண்டமாட்டார்கள். மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டத்துக்குப் போகும்போதும் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். ஓடுபாதையில் எங்கே உட்காருவது? கேன்டீனுக்கு வண்டி அனுப்பி முக்காலிகள் வரவழைத்தார்கள். உலகத்திலேயே வேகமான விமானம் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு காத்திருக்க, கட்சிக்காரர்களும் விஞ்ஞானிகளும் கோட்டு பறக்க வரிசையாக முக்காலியில் உட்கார்ந்தார்கள். பிறகு எழுந்து, திருப்தியாக, மறுபடி உட்காருவதற்காக உள்ளே போனார்கள்.

கடைசி வரிசையில் மூன்று பேர். அர்செனி பாவ்லவிச், நான், குழுவின் ஒலி நிபுணர். அந்த நிபுணர் ஓய்வுபெற்ற பீரங்கிப் படைக் கர்னல். வாழ்நாளெல்லாம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர் என்பதால் சத்தத்தைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும் என்று போட்டிருந்தார்கள். தரையில் நிற்கும்போதே நான் வணக்கம் சொன்னதற்கு, "ஆமா, குளிர்தான்," என்றார். அறிவிப்பு கேட்டால் நாங்கள் கையைத் தூக்க வேண்டும். மூன்றில் இரண்டு கை உயர்ந்தால் தேறிவிடும்.

மேலே போனோம். வேகம் ஏறியது. அந்த ஊளை வந்தது. பல்லெல்லாம் ஆடுவது எனக்கே தெரிந்தது. நான் தைத்த இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முன்னால் திரை விலகி, இரண்டு சீருடையாலான சீருடையில் கிளாஷா வந்து நின்றாள்.

வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

அர்செனி பாவ்லவிச் இருக்கையில் நிமிர்ந்தார். வாய் இன்னும் அசைந்தது. ஒன்றும் இல்லை. எல்லோரையும்போல அவள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்! மனிதருடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.  போச்சு, இவள் எங்கள் சமையலறையில்தான் சாகப் போகிறாள் என்று நினைத்தேன். முன்வரிசையில் ஜினோவி மக்சீமவிச் பாதி எழுந்து அவளைப் பார்த்துக் கையால் ஏதோ காட்டினார். காற்றில் ஒரு கதவு. அதில் ஒரு சாவி. சாவியைத் திருப்பினார். பிறகு ஒரு விரலை உயர்த்தி, அந்த விரலைத் திருகிக் காட்டினார். பல்பு.

கிளாஷா கடைசி வரிசையைப் பார்த்தாள். அர்செனியைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"தோழர்களே! பயணிகளே! நம்ம விமானம் இப்போ ஒலியவிட ரெண்டு மடங்கு வேகத்துல பறக்குது! கோழி வேணுமா, மீன் வேணுமா!"

கர்னல் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்து, "மீன்!" என்று கத்திக்கொண்டே கையைத் தூக்கினார். பல வருடங்களுக்குப் பிறகு யாரோ அவரிடம் ஒழுங்காகப் பேசிய ஆனந்தம் அவருக்கு. நானும் தூக்கினேன். பொய் இல்லையே, கேட்டது. அர்செனி பாவ்லவிச் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கும் கேட்டிருக்கும். அவர் கையைத் தூக்கவில்லை.

இறங்கியதும் விருந்து. ஆட்டுக்கறியும் வோட்காவும் தாராளமாக இருந்தன. ஆனால் தலைவர் வாழ்த்துச் சொல்ல எழுந்தால் யார் காதிலும் எதுவும் விழவில்லை. எல்லோருக்கும் காதில் இன்னும் ஊளை. கடைசியில் அவர் கிளாஷாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காதில் சொன்னார், அவள் சபைக்குச் சொன்னாள். "பயணி அறை அமைதியா, வசதியா இருக்குன்னு குழு ஒருமனதா முடிவு செஞ்சிருக்கு!" என்று அவள் சொல்ல, எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள்.

பயணிகளோடு பறக்க ஆரம்பித்ததும் இன்னொரு சிக்கல். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருவார்கள். கிளாஷாவின் இடுப்பு நாட்டின் பெருமைக்குப் பொருந்தவில்லை என்று மேலிடம் கருதியது. எல்விரா என்ற அழகான பெண்ணை முன்னால் நிறுத்தினார்கள். கிளாஷா திரைக்குப் பின்னால் நின்று பேச, எல்விரா வாயை அசைப்பாள். "பள்ளிக்கூடத்துல நான் வாய மட்டும் அசச்சேன்," என்று கிளாஷா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "இப்போ எனக்கு வாயசைக்க ஆளு வெச்சிருக்காங்க, பாத்தியா?"

அர்செனி பாவ்லவிச் விடவில்லை. ஒவ்வொரு முறையும் கருவியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசையில் ஏறினார். அங்கேதான் ஊளை உச்சம். அளந்து அளந்து மேலே அனுப்பினார். கேள்வி ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது என்று பதில் வரும். மறுபடி ஏறுவார். தொப்பியைக் காதுக்கு இழுப்பதை எப்போது நிறுத்தினார் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஒருநாள் விமானத்தையே நிறுத்திவிட்டார்கள். அத்தனை ஆரவாரமாக வந்தது, ஒரு அறிவிப்புகூட இல்லாமல் போயிற்று. கிளாஷா பையோடு விமான நிலையத்துக்குப் போயிருக்கிறாள். வாயில் காவலாளி, "இன்னிக்கு இல்லம்மா," என்றானாம். நாளைக்கு என்று கேட்டதற்கு, நாளைக்கும் இல்லை என்றானாம். நாடே கேட்க அறிவித்துக்கொண்டிருந்தவளுக்கு விஷயம் இப்படித்தான் தெரிந்தது.

ஆனால் கட்டடத்தை முடித்துவிட்டார்கள். அதுவும் திருநாளுக்குள் முடிக்க வேண்டியது என்பதால் சுவர் அட்டை கனம்தான். ஒன்பது மாடியும் தொழிற்சாலை ஆட்களுக்கு. விமானிகள், எஞ்சின்காரர்கள், சோதனைப் பறப்பில் போய் வந்தவர்கள், அந்தக் கர்னல்கூட எப்படியோ நுழைந்துவிட்டார். கிளாஷாவுக்கு ஐந்தாம் மாடியில் ஓர் அறை வீடு. அடுத்த வீடு யாருக்கு என்று சொல்லவா? எனக்கு. இவளைத் தொலைக்க நான் பட்ட பாட்டுக்குத் தொழிற்சாலை கொடுத்த பரிசு.

குடியேறும் அன்று எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு பூனையை முதலில் உள்ளே விட்டாள். கதவைச் சாத்தினாள். அலமாரி வாங்கவே இல்லை அவள், கோட்டுகளை ஆணியில் மாட்டியிருந்தாள். நடு அறையில் நின்று பாட ஆரம்பித்தாள். பூனை பால்கனிக்கு ஓடிவிட்டது. நோன்னா பழக்கதோஷத்தில் கரண்டியைத் தேடினாள். தேடியவள் நின்று என்னைப் பார்த்தாள். "என்ன பாடுறா?" என்று கேட்டாள். எனக்கும் சொற்கள் பிடிபடவில்லை. எங்கள் வீட்டு ரேடியோ முழுச் சத்தத்தில் இருந்தும் வாரக்கணக்காக ஏதோ தணிவாகவே கேட்கிறது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இருக்கைகளைச் சரிபார்க்க நானும் அதற்குப் பிறகு பலமுறை பறந்திருந்தேன். நோன்னாவும் தொழிற்சாலையில்தான், ஆணி அடிக்கும் கொட்டகையில்.

குழாயை யாரும் தட்டவில்லை. மறுநாளும் இல்லை. கிளாஷாவுக்கு நம்ப முடியவில்லை. என் கதவைத் தட்டி, "சவேலி, நல்ல ஜனங்க!" என்றாள். "எவ்வளவு பொறுமை! ஒருத்தர் தட்டலியே!" மாலையில் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துத் தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். அவளுக்கும் காது கொஞ்சம் போயிருந்தது. அந்த நேரத்துக்கு மற்ற வீடுகளில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பார்கள்.

ஒருநாள் செய்திக்கு நடுவில் வெந்நீர்க் குழாய் டங் டங் என்று அதிர்ந்தது.

கிளாஷா அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், சட்டென்று கட்டடமே அமைதியாகிவிட்டது. நான் வெளியே வந்தேன். அவளும் கதவைத் திறந்துகொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றாள். மேல்மாடியில் வீடு கிடைத்திருந்த அர்செனி பாவ்லவிச் இறங்கி வந்தார். கையில் கரண்டி.

"கிளாஃபிரா தீகனவ்னா," என்றார். காது போனவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் உரக்க. "தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஹாக்கி முடிவு சொன்னீங்களே, அத மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்ல முடியுமா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு காலத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதற்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்ட மனிதர்.

"பிடில்?" என்று கேட்டாள். வில்லை இழுக்கிற மாதிரி கையால் காட்டியும் கேட்டாள்.

அவர் சிரித்தார். "பொண்ணுக்குக் குடுத்துட்டேன். வாசிக்கிறா. நல்லா வாசிக்கிறான்னு சொல்றாங்க."

கிளாஷாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உதடு அசைந்தது. அவள் அருகில்தான் நின்றேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை. விமானத்தில் அன்றைக்குப் பேசியதை விட்டால், வாழ்க்கையில் அவள் மெதுவாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான் இருக்கும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்: மன்னிச்சிருங்க.

அவர் காதருகே கையைக் குவித்துக் குனிந்தார். "என்ன? கேக்கல. சத்தமா!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வது? சொல்லிவிடு என்று தலையசைத்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க, அர்செனி பாவ்லவிச்! அன்னிக்கு நீங்க சொன்னத நான் கேக்கல! எனக்கு வீடு வேணும்னு இருந்துச்சு! உங்க காது என்னாலதான் போச்சு!"

படிக்கட்டு அதிர்ந்தது. மேலும் கீழும் கதவுகள் திறந்தன. விமானிகளும் எஞ்சின்காரர்களும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். காது போய்விட்டது என்று இத்தனை வருடமாக யாரும் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்பது மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜினோவி மக்சீமவிச்சின் வீடு இரண்டாம் மாடி. அந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை. அவர் பறந்தது அந்த ஒரே தடவைதான், அதனால் அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அர்செனி பாவ்லவிச் கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.  பிறகு, கடைசி வரிசையில் கர்னலும் நானும் அன்றைக்குச் செய்தது போலவே, வலக்கையை மெல்ல மேலே தூக்கினார்.